அவருக்குப் பிடித்த தக்காளி ரொட்டி

ரொட்டியை வாட்டியதும் சூட்டோடு அதன்மேல் தக்காளியை வைத்துவிடக் கூடாது. பலரும் அங்கேதான் தவறு செய்கிறார்கள். தக்காளித் தண்ணீர் இறங்கி ரொட்டி நனைந்த அட்டைபோல ஆகிவிடும். ரொட்டியைச் சற்று ஆறவிட்டு, முதலில் சீஸைத் தடவி, அதற்குமேல்தான் தக்காளி. சீஸ் இடையில் நின்று ஈரத்தைத் தடுத்துவிடும். கடைசி வாய்வரை ரொட்டி மொறுமொறுப்பாக இருக்கும்.

என் கணவர் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். இதைத்தான் சாப்பிட்டார். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் ராஜராஜேஸ்வரி. பெண்கள் பள்ளி ஒன்றில் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றேன். வீடு வண்ணார்பேட்டையில், ஆற்றை நோக்கி இறங்கும் தெருவில். கணவர் தில்லைநாயகம் வெள்ளத்தின்போது வீட்டில் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். அவருடைய தம்பி கணேஷ்ராம் கொடுத்த புகார் உங்கள் மேஜையில் இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் நஃபீஸத், மழைக்கு முன்பே வந்துவிடும்படி மற்ற நோயாளிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு எங்களுக்கு மட்டும் சொல்லாமல் விட்டாள் என்கிறார் அவர். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் வேலையை விட்டு நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவள் போன் செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் போனில் என்ன சொன்னாள் என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி.

அவள் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள்.

"டீச்சர், திங்கக்கிழமைக்கு வச்சிருக்கத நாளைக்கே பண்ணிருவோம். மழை பெருசா வரும்னு சொல்லுதாங்க. பாலம் அடைச்சிட்டாங்கன்னா வர முடியாது. சார் காலையிலயே வந்துரட்டும்" என்றாள். நல்ல குரல் அவளுக்கு. "சரிம்மா, கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

கூடத்திலிருந்து அவர், "யாரு போன்ல?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில இருந்துதான். திங்கக்கிழமை வழக்கம்போல வரச் சொல்லுதாங்க" என்றேன்.

தப்புச் செய்யாத ஒரு பெண் என்னால் கஷ்டப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் நியாயம் பார்க்கிறவள். இதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனால் நீங்கள், ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதானபோது, கொடுக்கக்கூடியவர்கள் என்று இரண்டு பேர் இருந்தோம். கணேஷ்ராமுக்குப் பொருந்தியது, ஆனால் அவர் மனைவி விடவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பொருந்தியது. மதுரையில் வைத்து எடுத்தார்கள். என் இடது விலாவுக்குக் கீழே தையல் இன்னும் குளிர்காலத்தில் இழுக்கும். மயக்கம் தெளிந்து முதல்முதலாக என்னைப் பார்க்க அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இனிமே எனக்குள்ள நீ இருக்கே. எங்க போனாலும் உன்னையக் கூட்டிட்டுத்தான் போவேன்."

சொன்னபடி செய்தார். என்னைத் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உடம்பு தேறியதும் அங்கே ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வாரம் முழுவதும் அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே. தினமும் போய்வந்தால் தொற்று வந்துவிடும் என்று நான்தான் அங்கேயே அறை எடுத்துத் தங்கச் சொன்னேன். அறையைப் பெருக்கித் துடைத்து, மாத்திரைகளைக் காலைக்கும் மாலைக்குமாகப் பிரித்து அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து ஒருமுறை அவரோடு நானும் பரிசோதனைக்குப் போனேன். சீட்டுப் பதிகிற பெண் என்னைப் பார்த்துவிட்டு, "சார் கூட எப்பவும் வார அக்கா இன்னைக்கு வரலையா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பேனாவை மூடினாள்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது அவராகவே சொன்னார். அவள் பெயர் லிண்டா. கடற்கரைப் பக்கத்துக் குடும்பம். தூத்துக்குடியில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறாள். கணவன் கிடையாது.

"உனக்கு நான் நன்றி மறக்கல. ஆனா நன்றி வேற, இது வேற" என்றார்.

அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ரொம்பப் பொறுமையாக, பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அடுத்த வாரம் துணிமணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருவது நின்றது.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். பொறாமைப்பட எனக்கு வயதில்லை. எனக்கு இருந்தது வேறு ஒரு சங்கடம். அவர் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் நானும் அங்கே இருந்தேன். அவர்கள் கடற்கரையில் நடந்தபோது நடந்தேன். கதவைச் சாத்திக்கொண்டபோதும் உள்ளே இருந்தேன். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன், திடீரென்று இந்த நினைப்பு வரும். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் கொடுத்ததை அவர் வைத்துக்கொள்ளவும் இல்லை. புது வீடு, புது ஆள், பயணம், விருந்து. மாத்திரைகளை ஒழுங்காக எடுக்கவில்லை. என் சிறுநீரகம் அவர் உடம்பில் செத்துப்போனது. இதை டாக்டர் சொல்லி நான் கேட்கவில்லை. லிண்டா சொல்லித்தான் கேட்டேன்.

அவள்தான் போன் செய்தாள். "அக்கா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு உங்ககிட்ட பேச மூஞ்சி இல்ல. அவருக்குத் திரும்ப டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு. கடையையும் பாத்துக்கிட்டு, எங்கம்மாவையும் வச்சுக்கிட்டு, என்னால முடியல அக்கா. அவரும் உங்க வீட்டுக்குத்தான் போணும்ங்காரு. நீங்க சரின்னா கொண்டாந்து விடுதேன்."

சரி என்றேன்.

காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் நினைத்திருந்ததைவிட வயதானவள், தலை பாதி நரைத்திருந்தது. அவர் கட்டிலில் படுத்துக்கொண்டதும் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்து, என்னென்ன கொடுக்கலாம், என்னென்ன கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அளந்துதான் தண்ணீர். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும்.

"தக்காளி ரொட்டி கேப்பாரு அக்கா. எங்கண்ணன் கப்பல்ல சமையல்காரனா இருந்தான். இத்தாலிப் பக்கம் போனப்ப கத்துக்கிட்டு வந்து எங்க கடையில போட்டான். இவருக்கு அதுன்னா உசுரு. ஆனா இனிமே கொடுத்துராதீங்க. தக்காளியில இருக்க சத்து ரத்தத்துல ஏறிச்சுன்னா நெஞ்சு நின்னுருமாம். டாக்டர் சத்தம் போட்டுச் சொன்னாரு. அழுதாக்கூடக் கொடுக்காதீங்க."

"அதை எப்படிச் செய்யணும்?" என்று கேட்டேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள். ரொட்டியை ஒரு விரல் கனத்துக்குச் சாய்வாக வெட்ட வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் இரண்டு பக்கமும் வாட்டி, உரித்த பூண்டுப் பல்லை அதன்மேல் தேய்க்க வேண்டும். சீஸுக்குப் பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, உப்புப் போட்டுப் பிசைந்துகொள்ளலாம். தக்காளி பழுத்திருக்க வேண்டும், ஆனால் விரல் பதியக் கூடாது. பொடியாக நறுக்கி, மிளகும் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டி, மேலே திருநீற்றுப் பச்சிலையைக் கிள்ளிப் போட வேண்டும்.

அப்போது என் மனசில் ஒன்றும் இல்லை. சமையல் குறிப்புக் கேட்பது எனக்குப் பழக்கம். அவள் போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. குடித்துவிட்டுப் போகும்படி மோர் கொடுத்தேன்.

அதன்பிறகு நான் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். வாரம் இருமுறை ஆட்டோவில் கூட்டிப் போய், ஊசி குத்தும்போது பக்கத்தில் நின்று, திரும்பக் கூட்டி வந்தேன். கணேஷ்ராம் வரும்போதெல்லாம், "மதினி, நீங்க மனுஷியே இல்ல. உங்களக் கையெடுத்துக் கும்பிடணும்" என்பார். நஃபீஸத்கூட, "டீச்சர் மாதிரி ஒரு ஆளு அமையாது சார் உங்களுக்கு" என்று அவரிடம் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக்கொள்வார்.

ஒருநாள் கேட்டார். "அந்தத் தக்காளி ரொட்டி ஒண்ணே ஒண்ணு கிடைக்குமா? நாக்கு செத்துப் போச்சு."

"ஆகாதே" என்றேன்.

"தெரியும். சும்மா கேட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் என்னிடம் எதையாவது கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. தீபாவளியன்று செய்து கொடுத்தேன்.

"இதுல தக்காளி இருக்கே" என்று பயந்தார்.

"வெந்நீர்ல மூணு தண்ணி மாத்தி ஊறவச்சு எடுத்தது. சத்தெல்லாம் இறங்கிப் போயிருக்கும். தைரியமாச் சாப்பிடுங்க" என்றேன்.

நான் மனையியல் ஆசிரியை. அவர் நம்பினார். பழுத்த தக்காளியை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் கூழாகிவிடும் என்பது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் எட்டிப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். உதட்டோரத்தில் தக்காளி விதை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் டயாலிசிஸ் இருந்தது, எல்லாம் வெளியே போய்விட்டது. அதன்பிறகு எப்போதாவது செய்து கொடுப்பேன். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நஃபீஸத், "என்ன சார் சாப்பிட்டீங்க? இவ்வளவு ஏறியிருக்கு" என்று கடிந்துகொள்வாள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது. கல்யாணமான புதிதில்கூட எங்களுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை. அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

டிசம்பரில் ஒருநாள் அவர் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. துணி காயப்போட மாடிக்குப் போனவள் மீதித் துணியை எடுக்க இறங்கி வரும்போது காதில் விழுந்தது. லிண்டாவிடம்தான் பேசினார். "இவ நல்லாப் பாக்கா, இல்லங்கல. ஆனா இங்க இருக்கது ஆஸ்பத்திரியில இருக்க மாதிரிதான் இருக்கு. உடம்பு கொஞ்சம் தேறட்டும், கிறிஸ்துமஸுக்கு அங்க வந்துருதேன். ரொட்டியெல்லாம் செஞ்சுதான் தாரா. உன் கைப்பக்குவம் வரல."

நான் மீதித் துணியையும் காயப்போட்டேன்.

அந்த வாரக் கடைசியில்தான் நஃபீஸத் போன் செய்தாள். மழை ஞாயிற்றுக்கிழமை விடாமல் பெய்தது. சாயங்காலத்துக்குள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. எதையெதை மாடிக்கு எடுத்துப் போவது என்று யோசிக்க எனக்கு அவகாசம் இருந்தது. முதலில் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். பிறகு சின்ன கேஸ் அடுப்பு, தோசைக்கல், ரொட்டி, கட்டித் தொங்கவிட்டிருந்த சீஸ். சந்தையில் வாங்கிய தக்காளி ஒரு கூடை இருந்தது, அதையும் எடுத்துப் போனேன். ரத்தத்தில் அந்தச் சத்து ஏறாமலிருக்கத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் மருந்துப்பொடி கீழே அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று கணேஷ்ராமிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கீழ்வீட்டுக்குள் ஆறு வந்துவிட்டது. மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பால்கனியில் நின்றால் பழுப்பு நிறத்தில் தண்ணீர், அதில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. "ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "வடிஞ்சதும் போவோம். பசிக்குதா?" என்று கேட்டேன்.

காலையில் செய்தேன். மத்தியானமும் செய்தேன். வேறு என்ன இருக்கிறது என்று அவரும் சாப்பிட்டார். கல்லில் ரொட்டி வாசம், பூண்டு வாசம், வெளியே சேற்று வாசம். இரண்டாவது தட்டை நீட்டியபோது, "ஊறவச்சதுதானே?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றார். அவர் அதை மனசாரத்தான் சொன்னார். அதனால் என் முடிவு மாறவில்லை.

மறுநாள் விடிந்தபோது அவருக்குக் காலைத் தூக்க முடியவில்லை. நாக்கு குழறியது. நெஞ்சு விட்டுவிட்டு அடிக்கிறது என்று சைகையில் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொடுத்தேன்.

படகு வந்தது அப்போதுதான். கடற்கரையிலிருந்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்த மீன்பிடிப் படகுகள் தெருத்தெருவாகப் போய் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தன. ஒன்று எங்கள் பால்கனிக்கு நேர் கீழே நின்றது. முன்னால் நின்றவர் கயிற்றை எங்கள் கம்பியில் போட்டுப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்தவர் அவரை மரிய அந்தோணி என்று கூப்பிட்டார்.

"அக்கா, உள்ள யாராச்சும் சீக்காளி இருக்காங்களா? வயசாளிங்க, பிள்ளைங்க? ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு விடுதோம்" என்றார்.

"யாரும் இல்லண்ணே. நாங்க நல்லா இருக்கோம். கீழத் தெருவுல முத்துராணின்னு ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கா, நேத்துல இருந்து கத்திக்கிட்டுக் கிடக்கா. அவளப் பைய ஏத்திட்டுப் போங்க" என்றேன்.

"நெசமா யாரும் இல்லையே அக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பொறுப்பான மனிதர். நான் இல்லை என்று தலையாட்டினேன். கயிற்றை எடுத்துக்கொண்டார்கள். முத்துராணிக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிர். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

படகுச் சத்தம் உள்ளே அவருக்கும் கேட்டிருக்கிறது. நான் சொன்னதும் கேட்டிருக்கும், கதவு திறந்துதான் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. படகு தெருமுனை திரும்பும்போது என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்.

தூத்துக்குடியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்கேரு' என்பார், அல்லது தொண்டையைச் செருமுவார். அன்றைக்கு, "ராஜி" என்றார். கல்யாணமான புதிதில் வைத்த பெயர். குழறலாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் உள்ளே போகவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். போனில் அவள் சொன்னதை மறைத்ததும், தக்காளி கொடுத்ததும், படகைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். நஃபீஸத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கடைசியில் அவர் கூப்பிட்டது என்னைத்தான். அவளை இல்லை.